உணர்ச்சி வெளிப்பாடு போதாது

அறிக்கை மொத்தம் முப்பத்தெட்டுப் பக்கம். இருபத்தைந்து பக்கத்தை நிதானம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்துவிட்டாள். இருபத்தாறாம் பக்கத்தில் ஒரு பெட்டி போட்டு, ‘தாயின் உணர்ச்சி வெளிப்பாடு: போதாது’ என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்ததைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. வக்கீலின் மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. எடுத்துச் சுவரில் அடித்திருப்பாள். அடித்தால் அதற்கும் யாராவது ஒரு பெட்டி போடுவார்கள் என்று தோன்றியதால் அடிக்கவில்லை.

நிதானம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. ஆபத்து என்று அவசர எண்ணை அழைத்தால் மறுமுனையில் ஒரு குரல் எடுக்குமே, பதினோரு வருடமாக அந்தக் குரல்களில் ஒன்று இவளுடையது. தலையில் ஹெட்போன், முன்னால் இரண்டு திரை. நெஞ்சுவலி, தீ, மாடிப்படியில் உருண்ட கிழவர் எல்லாமே காது வழியாகத்தான் வரும். அழைப்பவர் கத்தக் கத்த இவள் குரல் கீழே இறங்கும். கூட வேலை செய்தவர்கள் வைத்த பட்டப்பெயர் நாளடைவில் நிலைத்துவிட்டது.

அந்த வேலைக்கென்று சில சட்டங்கள் உண்டு. முதலில் இடத்தைக் கேட்க வேண்டும். ‘பயப்படாதீங்க’ என்று மறந்தும் சொல்லக் கூடாது, அதுவரை பயப்படாதவர்கூட அதைக் கேட்டதும் பயந்துவிடுவார். பதற்றத்தில் மறுமுனைக்குக் காது அடைத்துப்போயிருந்தால், ஒரே கேள்வியை ஒரு சொல்லும் மாற்றாமல், அவர் காதில் விழும்வரை திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். ஆறாவது தடவையில் அநேகமாக எல்லோருக்கும் விழுந்துவிடும்.

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் பொருந்தாது. காலுறையில் ஒன்றைக் காணோம் என்றாலே பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்க்கும் அளவுக்குக் கத்துவாள். ஏழு வயது மகள் சிட்டு அதையெல்லாம் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். அம்மா கத்தினால் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நிஜமாக ஏதாவது நடந்தால், நான்கு வயதில் கொதிதண்ணீர் காலில் கொட்டியபோது வந்ததே, அந்தச் சின்னக் குரல் வரும். அது வந்துவிட்டால் சிட்டு அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னதைச் செய்வாள்.

ஒருநாள் தலை பின்னிவிடும்போது சிட்டு அம்மாவின் வேலையைப் பற்றித் துருவிக்கொண்டிருந்தாள். போனில் எல்லோரும் கத்துகிறார்களே, நீ மட்டும் கத்தவே மாட்டாயா என்று கேட்டாள். நிதானம் வாயில் ரிப்பனைக் கடித்தபடி ஏதோ விளையாட்டாகப் பதில் சொன்னாள்.

“இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு தெரிஞ்சா கத்துவேன். இதுவரைக்கும் அப்படி ஒண்ணு வரல.”

சிட்டு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் என்பது அப்போது தெரியவில்லை.

சிட்டுவின் அப்பா மெத்தைக் கடை ஒன்றில் விற்பனை மேலாளர். படுத்தே பார்க்காத மெத்தையைத் தட்டிக் காட்டி, என் முதுகுவலியே இதில்தான் போனது என்று கண்கலங்கி விற்கக்கூடியவர். அவருக்குச் சண்டை என்றால் இரண்டு பக்கமும் கத்த வேண்டும். அவர் கத்தும்போது மனைவியின் குரல் இறங்கிக்கொண்டே போவதை அவரால் தாங்க முடியவில்லை. ‘நான் பொண்டாட்டிகிட்ட பேசறேனா, கஸ்டமர் கேர்ல பேசறேனா?’ என்று எட்டு வருடம் கேட்டார். பிறகு அதையே விவாகரத்து மனுவில் சட்ட பாஷையில் எழுதிக் கொடுத்தார். போவது என்றால் போகட்டும் என்று நிதானம் கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் மனுவின் கடைசிப் பத்தியில் சிட்டுவையும் கேட்டிருந்தார். பிள்ளையின் செருப்பு அளவு தெரியாத மனுஷன், பிள்ளையின் ஆசிரியை பெயர் தெரியாத மனுஷன், பிள்ளையைக் கேட்டிருந்தார்.

யாரிடம் பிள்ளை வளர வேண்டும் என்று நீதிமன்றத்துக்கு எப்படித் தெரியும்? அதற்காக ஒரு மனநல நிபுணரை நியமித்தார்கள். மெல்லிய குரல், வெள்ளைத் தாடி, சட்டைப் பையில் மூன்று பேனா. முதலில் ஐந்நூற்றுச் சொச்சம் கேள்விகள் கொண்ட ஒரு புத்தகத்தைக் கொடுத்து ஆம், இல்லை என்று குறிக்கச் சொன்னார். ‘நான் என் பிள்ளையிடம் ஒருமுறைகூடக் கோபப்பட்டதில்லை’ என்று ஒரு கேள்வி இருந்தது. நிதானம் காலுறையை நினைத்துக்கொண்டு, இல்லை என்று குறித்தாள். செருப்பு அளவைப் பற்றி ஐந்நூற்றில் ஒரு கேள்விகூட இல்லை.

பிறகு விளையாட்டு அறை. ஒரு சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நம் முகம் தெரியும், அந்தப் பக்கத்தில் நிபுணர் உட்கார்ந்து நம்மைப் பார்த்து எழுதுவார். அப்பாவுக்கு ஒரு மணி நேரம், அம்மாவுக்கு ஒரு மணி நேரம். அப்பா பலூனோடு வந்து, முட்டி போட்டு, யானையாகி, பிள்ளையை முதுகில் ஏற்றிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னாலேயே சுற்றிச்சுற்றி வந்தாராம். வீட்டில் ஏழு வருடத்தில் அவர் குனிந்தது ரிமோட் கீழே விழுந்தால்தான்.

நிதானத்தின் முறை வந்தபோது சிட்டு மரக்குதிரையில் ஏறி ஆடிக்கொண்டிருந்தாள். வேகம் கூடிக் குதிரை சாய்ந்தது. தாடை அலமாரி விளிம்பில் இடித்து நாக்கு பல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. வாய் நிறைய ரத்தம். நிதானம் தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் முகத்தை நேராகத் தன் முகத்துக்குக் கொண்டுவந்தாள். சின்னக் குரல் தானாக வந்தது. வாயைத் திறக்கச் சொன்னாள், நாக்கை நீட்டச் சொன்னாள், கைக்குட்டையை மடித்து அழுத்திப் பிடித்து நூறுவரை மனதுக்குள் எண்ணச் சொன்னாள். சிட்டு கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டு எண்ணினாள். அறுபதுக்குள் ரத்தம் நின்றது. அவ்வளவு நேரமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த மனிதர் எழுந்து வரவில்லை. பச்சைப் பிள்ளை வாயில் ரத்தம் ஒழுக நிற்கிறது, அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

அப்படி எழுதியதுதான் இருபத்தாறாம் பக்கம். பிள்ளைக்குக் காயம்பட்டபோதும் தாயின் முகத்தில் மாற்றம் எதுவும் தென்படவில்லை, பணியாளர் வாடிக்கையாளரிடம் பேசும் தொனியே இருந்தது, பிள்ளை அழுகையை அடக்கிக்கொள்ளப் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறாள், தந்தையிடம் இயல்பான கலகலப்பு காணப்படுகிறது. எல்லாம் அடக்கமான மொழியில், ஒரு சொல்கூட அதிகமில்லாமல். கடைசியில் சிபாரிசு: பிள்ளை தந்தையிடம் இருப்பது நலம்.

“பிள்ளை அழுகையை நிறுத்தினதுகூட என் தப்பா மேடம்?” என்று நிதானம் கேட்டாள்.

வக்கீல் இருபது வருடமாகக் குடும்ப வழக்குகள் நடத்துகிறவர். எல்லாக் கண்ணீரையும் பார்த்தவர், எது எந்தக் குழாயில் வருகிறது என்றும் தெரிந்தவர். ஆட்சேபம் எழுதி, மறுபடி ஒரு முறை பார்க்கச் சொல்லி நீதிபதியிடம் உத்தரவு வாங்கிவிட்டதாகவும், ஆனால் பார்க்கப்போவது இதே நிபுணர்தான், இதே அறைதான் என்றும் சொன்னார். இந்தத் தடவையும் இதே போல எழுதிவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

நிதானம் தன் வேலையை விளக்கினாள். குரல் இறங்குவது மனசு இல்லாததால் இல்லை, மனசு முழுக்க அங்கேதான் இருக்கிறது என்றாள். சொல்லச் சொல்ல, அவளுக்கே தெரியாமல், அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. வக்கீல் பேனாவை மூடி வைத்தார்.

“இதைத்தான்மா சொல்றேன். இப்பகூட நீங்க தகவல் கொடுக்கற மாதிரிதான் பேசறீங்க. கோபப்பட்டா மனநிலை சரியில்லன்னு எழுதுவாங்க, கோபப்படலன்னா மனசே இல்லன்னு எழுதுவாங்க. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிதான். நடுவுல ஒரே ஒரு வழி இருக்கு. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், அழுத அம்மாவுக்குத்தான் பிள்ளை கிடைக்கும். அவளுக்கு ஏதாவது ஒண்ணுன்னா பதறுங்க. வாய்விட்டுப் பதறுங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேக்கணும்.”

அழத் தெரியாதவளா அவள்? எத்தனையோ அழைப்புகளை முடித்துவிட்டுக் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். ஆனால் அதெல்லாம் முடிந்த பிறகு. நடக்கும்போது அழுதால் ஆள் போய்விடும். இந்தச் சின்ன விஷயத்தை முப்பத்தெட்டுப் பக்கம் எழுதத் தெரிந்த ஒருவருக்குப் புரியவைக்க முடியவில்லையே என்று பேருந்தில் வரும்போது அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வெயில் அதிகம், இல்லையா என்று சாதாரணமாகக் கேட்டார். அந்த ஆத்திரம் முகத்தில் இறங்கவே இல்லை.

அந்த வாரம் முழுக்க, சிட்டு பள்ளிக்குப் போன பிறகு, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். ‘ஐயோ’ என்று சொல்லிப் பார்த்தாள். முதல் நாள் அது தொலைபேசி எண் மாதிரி வந்தது. நான்காம் நாள் கொஞ்சம் உயிர் வந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், தலையில் வைத்துப் பார்த்தாள். முப்பத்தாறு வயதில், பெற்ற பிள்ளைக்குத் தாய் என்று நிரூபிக்க, அவள் ஒப்பாரி பழகிக்கொண்டிருந்தாள். தன்னை இப்படி நிற்க வைத்தவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அது மட்டும் ஒத்திகை இல்லாமலே நன்றாக வந்தது.

இரண்டாம் முறை விளையாட்டு அறையில் மரக்குதிரை இல்லை, எடுத்துவிட்டிருந்தார்கள். நிபுணர் வாசலில் வணக்கம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பக்கம் போனார். சிட்டு பொம்மை அலமாரியின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். நிதானம் கூடவே உட்கார்ந்து சிரிக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தாள். முக்கால் மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு தாய் கவலைப்படும்படி ஆகிவிட்டதை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அப்போதுதான் மூன்றாவது இழுப்பறை சட்டென்று மூடிச் சிட்டுவின் விரலைக் கடித்தது.

நகத்தோரம் தோல் பெயர்ந்து ஒரு பொட்டு ரத்தம். அவ்வளவுதான். சிட்டு விரலைப் பிடித்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினாள். முகத்தில் வலி இருந்தது, பயம் இல்லை. சின்னக் குரல் வரும் என்று காத்திருந்தாள். நிதானத்தின் தொண்டையில் அது வந்தும்விட்டது. அவள் அதை விழுங்கினாள்.

“ஐயோ, என் கண்ணே! ஐயோ, என்னடி ஆச்சு உனக்கு!”

நான்காம் நாள் ஒத்திகையைவிட நன்றாகவே வந்தது. பிள்ளையை இழுத்து மார்போடு அணைத்து, தலையில் கை வைத்து, வாய்விட்டு அழுதாள். சிட்டு விறைத்துப்போனாள். அந்தச் சின்ன உடம்பு முழுக்க நடுங்க ஆரம்பித்ததை நிதானம் தன் கைக்குள் உணர்ந்தாள். பிள்ளை தன் விரலை ஒருமுறை பார்த்தது, அம்மாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு எட்டி அம்மாவின் காதருகில் வந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி கேட்டது.

“அம்மா... ஒண்ணும் பண்ண முடியாதா?”

தலை பின்னிய அந்தக் காலை நிதானத்துக்கு ஞாபகம் வந்தது. இல்லடி, நகம், வெறும் நகம், நாளைக்கு ஆறிடும் என்று அந்தக் குரலில் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை மூச்சு விட்டிருக்கும். நிமிர்ந்தாள். எதிரே கண்ணாடியில் அழுகிற ஒரு பெண்ணும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்ட ஒரு பிள்ளையும் தெரிந்தார்கள். அந்தப் பக்கத்தில் பேனா ஓடிக்கொண்டிருக்கும். இப்போது குரலை மாற்றினால் அதையும் எழுதுவார். எழுதினால் பிள்ளை மெத்தைக் கடைக்குப் போய்விடும்.

மாற்றவில்லை. மீதியிருந்த பதினைந்து நிமிடமும் அழுதாள். சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு ஏழு வயதுப் பிள்ளை அவள் கழுத்தை நெரித்துப் பிடித்திருந்தது. வெளியே வந்து படிக்கட்டு இறங்கியதும் அங்கேயே உட்கார வைத்து, சின்னக் குரலில் எல்லாம் சொன்னாள். நகம்தான், ஒன்றும் ஆகாது, அம்மா அங்கே சும்மா அழுதேன். சிட்டு தலையை ஆட்டினாள். எதற்குச் சும்மா அழ வேண்டும் என்று அவள் கேட்கவில்லை.

புது அறிக்கை பதினோரு பக்கம்தான். தாயின் உணர்ச்சி வெளிப்பாட்டில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் என்று எழுதியிருந்தது. காயமடைந்த பிள்ளை தாயை இறுகப் பற்றிக்கொண்டு நீண்ட நேரம் விடாதிருந்தது ஆரோக்கியமான பிணைப்பின் அடையாளம் என்றும் எழுதியிருந்தது. நீதிபதி அதைப் படித்துவிட்டு, பிள்ளை தாயிடம் இருக்கட்டும், மாதத்தில் இரண்டு ஞாயிறு தந்தை பார்க்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். சிட்டுவின் அப்பா வராண்டாவில் தூணைக் கட்டிக்கொண்டு அழுதார். மூன்று நிமிடம் கழித்துக் கடைக்குப் போன் செய்து, மதியம் டெலிவரி போய்விட்டதா என்று விசாரித்தார்.

நிபுணரும் அங்கே இருந்தார். நிதானத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, நீங்கள் இவ்வளவு மாறியதில் தனக்குத் தனிப்பட்ட முறையில் மகிழ்ச்சி என்றார். நிதானம் அவருடைய மூன்று பேனாக்களையும் பார்த்தாள். முதல் நாள் நான் தாயாக இருந்தேன், நீ எழுந்தே வரவில்லை. இரண்டாம் நாள் என் பிள்ளையை உயிரோடு கொன்றேன், நீ மார்க் போட்டாய். இதை அப்படியே சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. தீர்ப்பின் மை இன்னும் காயவில்லை. ‘நன்றி சார்’ என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த இரண்டு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வாய் கசக்கிறது.

ஆறு வாரம் போயிற்று. ஒரு சனிக்கிழமை மத்தியானம் துணி துவைக்கப் போட எடுத்தபோது, சிட்டுவின் பள்ளிச் சீருடைப் பைக்குள் ஒரு கைக்குட்டை சுருட்டி வைத்திருந்தது. பிரித்தால் முழுக்கக் காய்ந்த ரத்தம். நிதானம் அறைக்குப் போனாள். சிட்டு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். கையை மெல்லப் பிடித்துச் சட்டையை மேலே ஏற்றினாள். முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு வெட்டு, ஓரமெல்லாம் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது. பள்ளி வேலிக் கம்பியில் கிழித்துக்கொண்டு மூன்று நாளாகியிருந்தது. மூன்று நாளும் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், அம்மாவுக்குத் தெரியாமல் பிள்ளை இதை வைத்துக்கொண்டிருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சிட்டு பென்சிலை மேசைமேல் நேராக வைத்தாள்.

“சொன்னா நீ கத்துவே. அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு தெரிஞ்சிடும்.”

அந்தக் கண்ணாடி அறையை, அந்தப் பெட்டியை, அந்தப் பேனாக்களை, எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே பதினைந்து நிமிடம் விடாமல் அழுத தன்னை, நிதானம் அந்த நிமிடம் கொளுத்திவிடும் அளவுக்கு வெறுத்தாள். தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து, சீழ் எடுத்து, ஊசி போட வேண்டும். ஆஸ்பத்திரி பத்து நிமிடம்தான். எல்லாவற்றுக்கும் வழி இருந்தது.

“சிட்டு, எங்க வலிக்குது?” என்று கேட்டாள்.

சிட்டு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது எப்போது கத்தப்போகிறது என்று.

“சிட்டு, எங்க வலிக்குது?”

ஒரு சொல்லும் மாற்றாமல் மூன்றாவது தடவை கேட்டாள், நான்காவது தடவை கேட்டாள். ஆறாவது தடவையும் கேட்டாள். பிள்ளை சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, வலிக்கவே இல்லம்மா என்றது.